நாலு பேர் தேவை

அந்த வியாழக்கிழமை காலை, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு தீர்மானம் போட்டேன். என் மகள் இனிமேல் தாய்ப்பால் குடிக்கக் கூடாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தது நான் ஒருவன்தான்.

காரணம், பஸ் கம்பியில் இருந்த மஞ்சள் கோடு. கோட்டுக்குக் கீழே நிற்கிற தலைக்கு டிக்கெட் கிடையாது. தாண்டினால் அரை டிக்கெட். என் மகளுக்கு வீட்டில் மேஸ்திரி என்று பெயர். குழாய்க்கு வாஷர் மாற்றினாலும், துணி மடித்தாலும், இடுப்பில் கை வைத்து நின்று மேற்பார்வை பார்ப்பாள். வயது மூன்றரை. காதுவலிக்கு டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கம்பியைப் பார்த்ததும் அவளே போய் முதுகை ஒட்டி நின்றாள். கோட்டுக்கு மேலே இரண்டு விரல்.

"பரவால்ல, விடுங்க சார்," என்றார் கண்டக்டர். நல்ல மனிதர்.

"எனக்கு டிக்கெட் குடுங்க," என்றாள் மேஸ்திரி.

கொடுத்தார். அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நான்காக மடித்துப் பையில் போட்டாள். பிறகு அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, பால்," என்றாள்.

என் மனைவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கொடுத்தாள்.

டிக்கெட் எடுத்துவிட்டுத் தாய்ப்பால் குடிக்கும் பயணியை அந்த பஸ் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் மூடியிருந்தது. ஒரு பெரியவர் என் மனைவியைப் பார்த்தார், குழந்தையின் காலைப் பார்த்தார், கால் எங்கே முடிகிறது என்று பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். 'நீ எதுக்குய்யா இருக்க?' என்று கேட்கிற பார்வை. நான் எதிரே இருந்த டயர் விளம்பரத்தைப் படித்தேன். ஆறு தடவை.

"என்ன வயசு சார்?" என்றார் கண்டக்டர்.

"மூணு."

"மூணரை," என்று முந்தானைக்குள்ளிருந்து திருத்தம் வந்தது.

"எங்க வீட்லல்லாம் ஒரு வயசோட நிறுத்தியாச்சு," என்றார் கண்டக்டர், தாழ்ந்த குரலில், துக்கம் விசாரிப்பதுபோல.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதிகம் இல்லை. குடிநீர் நிலையத்தில் இரவு பம்ப் ஆபரேட்டர். சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பினால் காலை ஏழுக்கு வீடு. வேலை சுலபம். மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டும். நிரம்பியதும் நிறுத்த வேண்டும். இந்த இரண்டாவது பாதியில்தான் சிக்கல். போன வருடம் ஒரு நாள் கண் அசந்துவிட்டேன். நாற்பது நிமிடம் தொட்டி வழிந்தது. பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். "இன்னொரு தடவை வழிஞ்சா உங்களைக் கழிவுநீர் நிலையத்துக்கு மாத்திடுவேன். அங்க வழிஞ்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க," என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து காலை ஒன்பதரை முதல் மதியம் ஒன்றரை வரை என் தூக்கத்தில் யாரும் கை வைக்க முடியாது. போன மாதம் மனைவி, "மருந்துக்கடைல காலை நேரத்துக்கு ஆள் கேக்கறாங்க, போகட்டுமா?" என்றாள். "குழந்தையை யாரு பாக்கறது? எனக்குத் தூக்கம் முக்கியம்," என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. என் மனைவி பதில் சொல்லாத நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதுமே அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, எதுக்கு அந்த டயர் விளம்பரத்தையே பாத்துட்டு வந்தீங்க? நம்மகிட்ட சைக்கிள்கூட இல்ல."

"எல்லாரும் பாத்தாங்க."

"எதை?"

"அதை."

"பால்னு சொல்லக்கூட வாய் வரல உங்களுக்கு."

"மூணரை வயசு ஆச்சும்மா."

"தெரியும். அவ பொறந்தப்போ நானும் அங்கதான் இருந்தேன்."

"டிக்கெட் எடுத்தவ."

"ஆமா. ஓசியில குடிக்கல."

"எப்போதான் நிறுத்தப்போற?"

"அவ நிறுத்தறப்போ. பகல்ல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு ஆயிடுச்சு. அதுவும் குறைஞ்சுட்டு வருது. உங்களுக்கு என்ன அவசரம்?"

"நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அங்கேதான் சறுக்கினேன். அவள் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எந்த நாலு பேர்?"

"பொதுவா சொல்றதுதான்."

"பதினோரு வருஷமா சொல்றீங்க. நான் தலை பின்னாம மாடிக்குப் போனா நாலு பேர். சத்தமா சிரிச்சா நாலு பேர். இத்தனை வருஷத்துல ஒரு நாள் வந்து ஒரு வாய் டீ குடிச்சிருப்பாங்களா அவங்க? கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு. நாலு பேரும் என் மூஞ்சியைப் பாத்து நிறுத்துன்னு சொல்லட்டும். அன்னிக்கே நிறுத்திடறேன்."

"நிஜமாத்தானே?"

"டீ நான் போடறேன்."

இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். ஒரு பஸ் முழுக்க ஆட்சேபம் இருந்தது. எனக்கு வேண்டியது நாலு பேர்.

பதிமூன்று வருடமாக மணிக்கு ஒரு தரம் நீர்மட்டமும் அழுத்தமும் எழுதிப் பழகிய கை. பழைய பதிவேடு ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். நேரம், ஆள், அழுத்தம், குறிப்பு.

முதலில் கீழ்வீட்டு டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"மூணரை வயசா? அந்த வயசுல நான் ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன்," என்றார். பிறகு கால் மணி நேரம் பேசினார். ஒழுக்கம், சுயசார்பு, பல்வரிசை. அழுத்தம் மிக அதிகம் என்று குறித்துக்கொண்டேன்.

"டீச்சர், இதையே ஞாயித்துக்கிழமை மேல வந்து அவகிட்ட சொல்றீங்களா?"

"மூஞ்சிக்கு நேராவா?"

"ஆமா."

"அதெல்லாம் சொல்லக் கூடாது. மனசு கஷ்டப்படும்."

"இவ்வளவு நேரம் என்கிட்ட சொன்னீங்களே."

"உங்ககிட்ட சொல்லலாம். உங்களால என்ன பண்ண முடியும்?"

அடுத்தது மருந்துக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் பால்பவுடர் டப்பாக்கள். "ஆறு மாசத்துக்கு மேல அதுல ஒண்ணுமே இல்ல சார், வெறும் தண்ணி," என்றார், ஒரு டப்பாவைத் தடவியபடி. வெறும் தண்ணி என்று யார் சொன்னாலும் எனக்கு வருத்தமாக இருக்கும். அதில்தான் என் சம்பளம் வருகிறது. தவிர, நூலகத்தில் நான் புரட்டிய புத்தகம் நேர்மாறாகச் சொன்னது. இரண்டு வயதுக்கு மேலும், தாயும் பிள்ளையும் விரும்புகிறவரை கொடுக்கலாமாம். அந்தப் பக்கத்தைச் சீக்கிரமாகத் திருப்பிவிட்டேன். என் கட்சிக்கு உதவாது.

"ஞாயித்துக்கிழமை வந்து இதைச் சொல்றீங்களா?"

"ஐயோ, அவங்ககிட்டயா? வேணாம் சார். அவங்க..." என்று ஏதோ சொல்ல வந்து, இருமல் மருந்து கேட்டவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். என் சொந்த அக்கா. மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். "டேய், நான் ரெண்டு பெத்தவ, எனக்குத் தெரியாதா? அசிங்கம்டா," என்றாள். வந்து சொல்லு என்றேன். "நான் சொன்னா நாத்தனார் கொடுமைம்பாங்க. அந்தக் கெட்ட பேரை நீ வாங்கிக் குடுக்காதே எனக்கு," என்று வைத்துவிட்டாள்.

கண்டக்டரிடம் கேட்டதும் விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அங்கே நிறுத்தமே இல்லை. டிரைவர் பாவம், நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

இஸ்திரி வண்டிக்கார அம்மா மட்டும் நான் கேட்காமலே சொன்னாள்: "என் பெரியவன் அஞ்சு வயசு வரைக்கும் குடிச்சான். நான் உக்காரணும்னு ஸ்டூல் தூக்கிட்டு வருவான். இப்போ கிரேன் ஓட்டறான்." இதை நான் பதிவேட்டில் எழுதவில்லை.

சனிக்கிழமை பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஆட்சேபிப்பவர்கள் பதினேழு பேர். நேரில் சொல்லத் தயாராக இருப்பவர்கள் பூஜ்யம். உலகமே என் பக்கம் இருந்தது. ஆனால் அவரவர் வீட்டுக்குள் இருந்தது.

"ஆள் கிடைச்சாங்களா?" என்றாள் மனைவி, சோற்றைப் போட்டபடி.

"எல்லாருக்கும் வேலை."

"ம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். டீச்சர். அவருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர். படியில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், சீருடை இல்லாததால் யாரோ என்று நினைத்தேன், கண்டக்டர்.

என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்குக் கேட்ட கணக்குப்படி ஆள் வந்தது அன்றுதான்.

எங்கள் வீட்டில் இருப்பதே மூன்று நாற்காலி. கண்டக்டர் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டார். மேஸ்திரி எல்லாரையும் சுற்றி வந்து பார்த்தாள். டீ வந்தது. டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குழந்தைக்கு வயசாச்சு. பகல்ல பால் குடுக்கறதை நிறுத்தறது நல்லது," என்றார், வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல.

"ஆமா, நிறுத்தறது நல்லது," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நல்லது," என்றார் கண்டக்டர்.

"தம்பி சொல்றது நியாயம்தான்," என்றாள் அக்கா.

நான் பிறந்ததிலிருந்து அக்கா என்னை நியாயம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "சரி. நாலு பேர் சொல்லிட்டீங்க. நாளையிலேருந்து நிறுத்தறேன். ஆனா நான் கண்ணு முன்னாடி இருந்தா அவ கேப்பா. அதனால காலைல ஒன்பதரைக்கு நான் வெளிய போயிடறேன். ஒன்றரைக்கு வரேன். அவளைத் தூங்க வைக்கறது அவங்க அப்பா பொறுப்பு."

"நாலு மணி நேரம் எங்க போவ?" என்றேன்.

"எங்கயோ போறேன். பெரியவங்க நாலு பேர் வீடு தேடி வந்து சொல்லிருக்காங்க. அதுக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

நாலு தலைகளும் ஒரே சமயத்தில் ஆடின. மருந்துக்கடைக்காரர் தலை கொஞ்சம் முன்னதாகவே ஆடியது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவள் புடவை மாற்றிக்கொண்டு போனாள். நானும் மேஸ்திரியும் படுத்தோம். அழுவாள் என்று பயந்திருந்தேன். அழவில்லை.

"கதை," என்றாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே கதை. "ஒரு ஊர்ல ஒரு பெரிய தொட்டி இருந்துச்சாம். அப்பா அதுல தண்ணி நிரப்புவாராம்."

"நிரம்பினா?"

"நிறுத்திடுவாராம்."

"நிறுத்தலைன்னா?"

"வழியும்."

"வழிஞ்சா?"

"அப்பாவை மாத்திடுவாங்க."

எழுந்து உட்கார்ந்தாள். "வேற அப்பா வருவாரா?"

பதினொரு மணிக்குக் கண் சொருக ஆரம்பித்தது. எனக்கு. அவளுடைய கை என் பனியன்மேல் எதையோ தேடிக்கொண்டு வந்தது. வந்து, நின்றது.

"அப்பா, உங்களுக்கு இல்லையா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"அப்பாங்களுக்கு இல்ல."

என் மார்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். "பரவால்ல," என்றாள். மூன்றரை வயதுக்காரி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். பிறகு எழுந்து போய் அடுப்படியில் பாத்திரங்களை உயரவாரியாக அடுக்கத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தேன். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு அதற்குப் பெயர் வைக்கவில்லையே என்று வருத்தப்பட்டாள். அந்த வருத்தம் பன்னிரண்டரை வரை நீடித்தது. புதன்கிழமை அவளே என்மேல் இரக்கப்பட்டு, "நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என் இமையை விரலால் தூக்கி, "தூங்கிட்டீங்களா?" என்று பார்த்துக்கொண்டாள். பொறுப்பான பிள்ளை. வியாழக்கிழமை நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை.

அந்த வாரத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடம் பகலில் நான் தூங்கினேன், எனக்குத் தூங்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பத்து மணிக்கு அம்மா பக்கத்தில் படுத்து, குடித்தபடியே மேஸ்திரி உறங்கிப்போவாள். ஒரு மணி வரைக்கும் வீடு அடங்கியிருக்கும். அந்த அடக்கத்தில் ஓர் ஓரமாக நானும் கிடந்திருக்கிறேன். குடித்தது அவள். தூங்கியது நான்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் தொட்டி வழிந்தது. ஏழு நிமிடம். சத்தம் கேட்டு எழுந்து ஓடி நிறுத்தினேன். மழை என்று சொல்லிவிடலாமா என்று வானத்தைப் பார்த்தேன். ஒரு துணுக்கு மேகம் இல்லை. நல்ல வேளை, தெருவில் ஈரத்தைப் பார்த்தவர் பால்காரர் ஒருவர்தான். அவர் எதுவும் கேட்கவில்லை, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு போனார். இப்படியே போனால் அடுத்த வெள்ளிக்கிழமை வழிவதைப் பொறியாளரே பார்ப்பார். அதற்கடுத்த திங்கட்கிழமை கழிவுநீர் நிலையம்.

வீட்டுக்கு வந்ததும் சரணடைந்தேன்.

"ஏம்மா, பழையபடி பகல்ல குடுத்துடேன்."

"எதை?"

"பாலை."

"பரவால்ல, சொல்ல வருதே. ஆனா எப்படிங்க? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சரி. அதே நாலு பேரை மறுபடி கூட்டிவந்து, கொடு என்று சொல்ல வைப்பது. வேறு வழி தெரியவில்லை. மேஸ்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மருந்துக்கடைதான் பக்கம். அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று போனேன்.

கவுண்டருக்குப் பின்னால் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெண், ஒரு கிழவருக்கு மாத்திரைப் பட்டையைக் காட்டி, "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் மேஸ்திரி, ஆச்சரியமே இல்லாமல்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். "வாங்க சார். போன மாசமே வரச் சொன்னேன். பகல்ல குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்லைன்னாங்க. இப்போ நம்பகமா ஒரு ஆள் கிடைச்சிட்டாராம்."

நம்பகமான ஆள் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

"அந்த நாலு பேர்..." என்றேன்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் மனைவி. அந்த நீலக் கோட்டைப் போட்டதில் அவள் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தாள். "உங்களுக்கு ஆள் பிடிக்க வராதுன்னு எனக்குத் தெரியாதா? பகல்லன்னு மட்டும் சொல்லுங்கன்னேன். டீச்சர் ஒரு தரம் ஒத்திகைகூடப் பாத்தாங்க."

"அப்போ நீ நிறுத்தினது?"

"எங்க நிறுத்தினேன்? ராத்திரிதான் தினமும் குடிக்கறாளே. நீங்க சட்டையை மாட்டிட்டுப் படி இறங்கினதும் வந்து மடில ஏறிடறா. நீங்க பாக்கற நேரத்துல மட்டும் இல்ல. உங்களுக்கு வேண்டியதும் அதுதானே?"

மேஸ்திரி என் தோளில் தலையை ஆட்டி இதை உறுதி செய்தாள்.

"தொட்டி வழிஞ்சிடுச்சும்மா," என்றேன். "ஏழு நிமிஷம்."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. மாத்திரைப் பட்டையைக் கீழே வைத்தாள். "காலைலயே சொல்றதுக்கு என்ன?" என்றாள். பிறகு, "டீச்சர் அவளைப் பாத்துக்கறேன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. நான்தான் ஒரு வாரம் பொறுங்கன்னேன்," என்றாள்.

"எதுக்கு ஒரு வாரம்?"

"ஒரு வாரம் நீங்க அவ பக்கத்துல படுத்துப் பாக்கணும்னுதான். போய்த் தூங்குங்க. இவளைக் கீழ டீச்சர்கிட்ட விட்டுட்டுப் போங்க."

போய்த் தூங்கினேன். கீழ்வீட்டிலிருந்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் சொன்னார். மேஸ்திரி திருத்தினாள்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி காது டாக்டர். திரும்பும்போது அதே பஸ், அதே கம்பி. மேஸ்திரி கோட்டில் நின்று அளந்து, டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துவிட்டு மடியில் ஏறினாள். ஒரு அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் டயர் விளம்பரத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது, "மூணரை வயசு. இன்னும் குடிக்கறா. எங்களுக்குச் சம்மதம்," என்று நானே முந்திக்கொண்டேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு இரண்டு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு இரவு வேலை வந்து கழுத்தில் உட்கார்ந்தது. தலை தானாகப் போய் மனைவியின் தோளில் சாய்ந்தது.

பாதித் தூக்கத்தில் கேட்டது. குழந்தையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது," என்றார் பக்கத்துச் சீட்டுக்காரர். "இவ்வளவு பெரிய ஆளு, பொது இடத்துல இப்படிச் சாய்ஞ்சு கிடக்காரே."

"பழகிட்டார்," என்றாள் என் மனைவி. "நாலு பேர் வந்து சொன்னாத்தான் விடுவார்."